தடுமாறும் கால்பந்துக் கழகத்துக்குப் புதிய பயிற்சியாளரைத் தேர்ந்தெடுக்கும் முறை: முழுமையான வழிகாட்டி

வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர் பக்கத்துக் கழகங்களில் அணி தொடர்ந்து தோற்கத் தொடங்கினால், அடுத்து நடப்பவை பெரும்பாலும் ஒரே மாதிரியாக இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை தோல்வி, திங்கட்கிழமை செயற்குழுவின் வாட்ஸ்அப் குழுவில் கோபம், புதன்கிழமைக்குள் யாரோ ஒருவருக்குத் தெரிந்த முன்னாள் ஆட்டக்காரருக்கு அழைப்பு, அடுத்த ஞாயிறு மைதானத்தில் புதிய பயிற்சியாளர். ஆறு மாதத்தில் அவரும் போய்விடுகிறார். நான் செயற்குழுவில் இருந்த கழகம் இந்தத் தவறை ஒருமுறை செய்தது. அடுத்த முறை எட்டு வாரம் எடுத்துக்கொண்டு வேலையை முறையாகச் செய்தோம். அதன் பிறகு அக்கம்பக்கத்துக் கழகங்கள் சில அழைத்தபோது உடனிருந்து பார்த்திருக்கிறேன். ஏறக்குறைய எல்லோரும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள்: ஆளைத் தேடுவதற்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலையை, ஆள் வந்து சேர்ந்த பிறகு தொடங்குகிறார்கள்.

எனவே கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். முதல் ஐந்து படிகளும் முடியும் வரை எந்தப் பெயரையும் யாரும் முன்மொழிய வேண்டாம் என்று செயற்குழுவில் தீர்மானமே போட்டுவிடலாம். ஒரு பெயர் காதில் விழுந்துவிட்டால், அதன் பிறகு எழுதும் தகுதிகள் எல்லாம் அந்தப் பெயருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையாகிவிடும்.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

கடந்த இரண்டு பருவங்களின் ஆட்ட முடிவுகள், ஆட்டக்காரர்களின் வயது, வேலை, ஊர் ஆகியவை அடங்கிய பட்டியல், பயிற்சிக்கு யார் யார் வந்தார்கள் என்ற வருகைக் குறிப்பு, வரவு செலவுக் கணக்கு, கழகத்தின் துணைவிதிகள். வருகைக் குறிப்பு இல்லாத கழகம் இன்றே ஒரு நோட்டு வாங்கி எழுதத் தொடங்கட்டும். நான்கு வாரக் குறிப்பு கூடப் பயன்படும்.

இருக்கும் பயிற்சியாளரை விடுவிப்பது என்று முடிவாகிவிட்டால், தேடலைத் தொடங்கும் முன்பே தலைவரும் செயலாளரும் நேரில் போய் அவரிடம் சொல்லிவிட வேண்டும். ஆம்பூரில் பேசியது வாணியம்பாடிக்குப் போய்ச் சேர அரை நாள் போதும். மூன்றாம் மனிதர் வழியாகச் செய்தி கேட்ட பயிற்சியாளருடன் ஆட்டக்காரர்களில் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள்; அடுத்து வருபவர் பிளவுபட்ட அணியைத்தான் ஏற்க வேண்டியிருக்கும். இடைக்காலத்துக்கு அணியின் மூத்த ஆட்டக்காரர் ஒருவரையோ துணைப் பயிற்சியாளரையோ பொறுப்பில் வைத்து, எந்தத் தேதி வரை என்பதையும் அவருக்குச் சொல்லிவிடுங்கள்.

1. தோல்வி எங்கிருந்து வருகிறது என்பதை எழுதுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். "டிஃபென்ஸ் சரியில்லை" என்பது காரணம் ஆகாது, கண்ணில் பட்ட விளைவு மட்டுமே. கடைசி இருபது ஆட்டங்களில் வாங்கிய கோல் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதுங்கள்: எத்தனையாவது நிமிடம், கார்னரிலா ஃப்ரீ கிக்கிலா ஓடி வந்த ஆட்டத்திலா, பந்தை யார் எந்த இடத்தில் இழந்தார், அப்போது ஆடிக்கொண்டிருந்தவர்கள் யார். வீடியோ இல்லையென்றால் அணித் தலைவரையும் கோல்கீப்பரையும் எதிரில் உட்கார வைத்துக் கேளுங்கள். கோல்கீப்பர்கள் தாங்கள் வாங்கிய கோல்களை மறப்பதில்லை.

எங்கள் கழகத்தில் இப்படி எழுதி முடித்தபோது, கோல்களில் பெரும்பகுதி கடைசி இருபது நிமிடத்தில் விழுந்திருந்தது. அதுவரை "ஸ்டாப்பர் பேக்கை (தடுப்பின் நடுவில் நிற்பவரை) மாற்ற வேண்டும்" என்றுதான் பேசிக்கொண்டிருந்தோம். வருகை நோட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் விஷயம் வேறாகத் தெரிந்தது. அணியில் ஏழு பேர் தோல் தொழிற்சாலையிலும் ஷூ தொழிற்சாலையிலும் ஷிஃப்டில் வேலை பார்ப்பவர்கள். மாலை ஐந்து மணிப் பயிற்சிக்கு அவர்களால் வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் வர முடியவில்லை. எங்களுக்குத் தேவைப்பட்டவர் பெரிய வியூகம் வகுப்பவர் அல்லர். குறைந்த நேரத்தில், பாதிப் பேர் வராத நாளிலும், பயிற்சியை நடத்தத் தெரிந்தவர். அந்த இரண்டு நோட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காமல் ஆள் தேடியிருந்தால், முற்றிலும் வேறு ஒருவரை எடுத்திருப்போம்.

எழுதிய காரணங்களை இரண்டாகப் பிரியுங்கள். பயிற்சியாளரால் சரிசெய்யக் கூடியவை ஒரு பக்கம்: உடல்திறன், ஆட்ட ஒழுங்கு, இளையவர்களை மேலே கொண்டு வருதல் போன்றவை. கழகமே சரிசெய்ய வேண்டியவை மறுபக்கம்: மைதான நேரம், பயணச் செலவு, பாக்கி வைத்த தொகைகள், செயற்குழுவின் உட்பூசல். இரண்டாவது பட்டியல் நீளமாக இருந்தால் தேடலை நிறுத்திவிட்டு முதலில் அதைக் கவனியுங்கள். மைதானம் கிடைக்காத கழகத்துக்கு எவ்வளவு நல்லவர் வந்தாலும் அவரால் செய்யக் கூடியது எதுவுமில்லை.

2. பதவியின் எல்லையை வரையுங்கள்

நம் ஊர்க் கழகங்களில் "மேனேஜர்" என்றால் ஆட்டக்காரர் பதிவு, ஜெர்சி, வண்டி ஏற்பாடு ஆகியவற்றைப் பார்ப்பவர். "கோச்" என்றால் பயிற்சி தருபவர். இங்கிலாந்து மரபில் மேனேஜர் என்பவர் அணியைப் பயிற்றுவிப்பதோடு, எந்த ஆட்டக்காரரை எடுப்பது, யாரை விடுவது என்பதிலும் முடிவெடுத்து வந்தவர். தொலைக்காட்சியில் அந்த மேனேஜரைப் பார்த்துவிட்டு, நம் ஊர்க் கோச்சிடம் அதே பலனை எதிர்பார்க்கிறோம். அதிகாரத்தை மட்டும் தருவதில்லை.

ஒரு தாளில் இந்தக் கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். ஆடும் பதினொருவரை யார் முடிவு செய்கிறார்? புதிய ஆட்டக்காரரைச் சேர்க்க அவருடைய சம்மதம் வேண்டுமா? பயிற்சி நேரத்தை அவரே மாற்றலாமா? ஒழுங்கு தவறிய ஆட்டக்காரரை உட்கார வைத்தால் செயற்குழு அதை மாற்றுமா? பதினாறு வயதுக்குட்பட்டோர் அணியும் அவர் பொறுப்பா?

முதல் கேள்விக்கு "பயிற்சியாளர் மட்டும்" என்பதைத் தவிர வேறு விடை எழுதும் கழகம் மேற்கொண்டு செல்ல வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நன்கொடையாளர் ஒருவருடைய மகனை ஆட வைக்கச் சொல்லி ஆட்டத்துக்கு முந்தைய இரவு வந்த ஒரு தொலைபேசி அழைப்பால், நல்ல பயிற்சியாளர் ஒருவர் விலகிப் போனதை நான் பார்த்திருக்கிறேன். அவர் யாரிடமும் சண்டை போடவில்லை. மறுநாள் ஆட்டத்தை முடித்துக் கொடுத்துவிட்டு, கோன்களையும் விசிலையும் பையில் போட்டுச் செயலாளரிடம் தந்துவிட்டுப் போனார்.

3. பணம், மைதானம், காலம் ஆகியவற்றை உறுதி செய்யுங்கள்

மாதச் சம்பளம் எவ்வளவு, எத்தனை மாதத்துக்குரிய தொகை இப்போதே வங்கியில் இருக்கிறது என்பதைப் பொருளாளர் எழுதித் தர வேண்டும். யாரோ ஒருவர் தருவதாகச் சொன்ன தொகையை இதில் சேர்க்காதீர்கள். சம்பளத்துக்கு அப்பால் பந்து, பிப் (அணி பிரிக்க ஜெர்சிக்கு மேல் போடும் மேலாடை), கோன், முதலுதவிப் பொருள்கள், வெளியூர் ஆட்டங்களுக்கான வேன் வாடகை ஆகியவற்றுக்கும் தனித் தொகை வேண்டும். பணம் குறைவாக இருந்தால், சம்பளத்தைக் கூட்டிச் சொல்லி இழுத்தடிப்பதைவிடக் குறைத்துச் சொல்லி மாதாமாதம் ஒழுங்காகத் தருவது மேல்.

மைதானத்துக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் உறுதி என்பதையும் எழுதுங்கள். கல்லூரி மைதானத்தையோ அரசு விளையாட்டரங்கத்தையோ நம்பியிருக்கும் கழகங்கள், தேர்வுக் காலத்திலும் அரசு விழாக்களின்போதும் எங்கே பயிற்சி செய்வது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது காலம். மீட்டெடுக்கும் வேலை ஒரு பருவத்தில் முடிவதில்லை. அலெக்ஸ் ஃபெர்குசன் இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு மேனேஜராக 1986 நவம்பரில் வந்தார். முதல் கோப்பை 1990-ல் எஃப்.ஏ. கோப்பையாகக் கிடைத்தது, லீக் பட்டம் 1993-ல்தான் வந்தது. இடையில் 1988-89 பருவத்தில் அணி பதினோராம் இடத்தில் முடித்தது. அங்கேயே இன்னொரு மேனேஜரான பிரையன் கிளஃப் 1974-ல் லீட்ஸ் யுனைடெட்டில் 44 நாளில் பதவி இழந்தார்; அடுத்த ஆண்டு ஜனவரியில் இரண்டாம் பிரிவில் இருந்த நாட்டிங்காம் ஃபாரஸ்டை ஏற்று, 1978-ல் லீக் பட்டத்தையும் 1979, 1980 ஆண்டுகளில் ஐரோப்பியக் கோப்பையையும் வென்றார். அதே மனிதர்தான், அவரை வைத்துக்கொண்ட கழகமும் கொடுத்த காலமும்தான் வேறு. நம் கழகங்களுக்கு இரண்டு முழுப் பருவங்கள் என்பது நியாயமான குறைந்தபட்ச அளவு.

இதில் பலர் கவனிக்காத சிக்கல் ஒன்று உண்டு. 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிவான கழகத்தின் செயற்குழுவுக்குப் பதவிக்காலம் மூன்றாண்டுக்கு மேல் கிடையாது. இன்னும் எட்டு மாதத்தில் தேர்தல் இருக்கும் செயற்குழு இரண்டு ஆண்டு வாக்குறுதி தந்தால், அடுத்து வரும் நிர்வாகிகள் "அது உங்கள் ஆள்" என்று ஒதுக்கிவிடுவார்கள். எனவே காலத்தையும் தொகையையும் பொதுக்குழுவில் வைத்து ஒப்புதல் வாங்கித் தீர்மானப் புத்தகத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். ஆளின் பெயர் அப்போது தேவையில்லை.

4. தேர்வுக் குழுவை அமையுங்கள்

மூன்று பேர் அல்லது ஐந்து பேர். கழகத்துக்காக ஆடிய ஒருவர், கணக்கு தெரிந்த ஒருவர், கழகத்துக்கு வெளியே இருந்து ஓர் அனுபவமுள்ள உடற்கல்வி ஆசிரியர் ஆகியோர் கட்டாயம். உறவினரோ நெருங்கிய நண்பரோ விண்ணப்பித்தால் அந்த உறுப்பினர் விலகிக்கொள்ள வேண்டும் என்பதை முன்பே எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள்.

அணித் தலைவருடைய கருத்தைக் கேளுங்கள், ஆனால் வாக்கு தராதீர்கள். தான் தேர்ந்தெடுத்த பயிற்சியாளர் தன்னையே உட்கார வைக்கும் நாள் வந்தால், அது இருவருக்கும் தர்மசங்கடம்.

5. தகுதிகளை எடை போட்டு வையுங்கள்

உரிமச் சான்றிதழ்களைப் பற்றித் தெளிவு வேண்டும். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் டி லைசென்ஸ் தொடக்க நிலைகளில் ஒன்று. அதற்கு மேல் சி, பி, ஏ, புரோ என்று ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் தரநிலையில் படிப்படியாக உயர்கின்றன. பாட்டியாலாவில் உள்ள நேதாஜி சுபாஷ் தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பயிற்சியாளர் பட்டயத்தை நம் பக்கத்தில் "என்.ஐ.எஸ்." என்பார்கள். மாவட்ட நிலைக் கழகத்துக்கு டி அல்லது சி இருப்பவர் போதும். ஏ லைசென்ஸ் உள்ளவர் கிடைத்தால் மகிழ்ச்சி, ஆனால் அதற்காகவே காத்திருக்க வேண்டியதில்லை. ஒருவர் முறையாகப் படித்திருக்கிறார் என்பதைச் சான்றிதழ் காட்டும். மழை பெய்து சேறான மைதானத்தில் பதினாறு பேரை வைத்துக்கொண்டு என்ன செய்வார் என்பதைக் காட்டாது.

மூன்று அல்லது நான்கு தகுதிகளைக் கட்டாயமாக வையுங்கள். எங்கள் பட்டியலில் இருந்தவை: செல்லுபடியாகும் லைசென்ஸ், வாரம் நான்கு நாள் வர முடிதல், இளையோருடன் பணியாற்றிய அனுபவம், குழந்தைகள் பாதுகாப்பில் எந்தப் புகாரும் இல்லாமை. மற்றவற்றை விரும்பத்தக்கவை என்ற தலைப்பின்கீழ் எழுதி, முதல் படியில் கண்ட காரணங்களுக்கு ஏற்ப மதிப்பெண் ஒதுக்குங்கள். உடல்திறன்தான் குறை என்றால் அதற்கு அதிக மதிப்பெண். புகழ்பெற்ற அணியில் ஆடியிருப்பதற்கு மிகக் குறைவு. நன்றாக ஆடியவருக்கு நன்றாகச் சொல்லித்தரவும் வரும் என்ற எண்ணத்தால் ஏமாந்த கழகங்கள் அதிகம்.

நம் பகுதிக்கே உரிய தகுதி ஒன்று உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு அணிகளில் பலர் வீட்டில் உருது பேசுபவர்கள். ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர்களிலிருந்து தெலுங்கு பேசும் பையன்கள் வருகிறார்கள். எல்லா மொழியும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ரம்ஜான் மாதத்தில் நோன்பு திறந்த பிறகு பயிற்சி வைப்பதும், வைகாசி முதல் நாளை ஒட்டிக் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குப் பையன்கள் போய்விடுவார்கள் என்பதை நாட்காட்டியில் குறித்து வைப்பதும், அக்னி நட்சத்திர வெயிலில் மாலை நான்கு மணிக்கு யாரையும் ஓடவிடாமல் இருப்பதும் இயல்பாக வர வேண்டும். வெளியூர்க்காரர் என்றால் இவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் மனம் இருக்கிறதா என்று பாருங்கள்.

6. ஆள் தேடுங்கள்

இப்போதுதான் பெயர்கள். அறிவிப்பில் பதவியின் எல்லை, சம்பளம், மைதான நேரம், ஒப்பந்தக் காலம் ஆகிய நான்கையும் மறைக்காமல் எழுதுங்கள். சம்பளத்தை எழுதாத அறிவிப்புக்கு வரும் விண்ணப்பங்களில் பாதி வீண்.

பள்ளி, கல்லூரி உடற்கல்வி ஆசிரியர்கள், ரயில்வே, காவல்துறை போன்ற துறை அணிகளில் ஆடி ஓய்வுபெற்றவர்கள், அண்மையில் லைசென்ஸ் பயிற்சி முடித்த இளைஞர்கள், மற்றக் கழகங்களின் துணைப் பயிற்சியாளர்கள் ஆகியோரிடம் அறிவிப்பு போய்ச் சேர வேண்டும். துணைப் பயிற்சியாளர்களைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. அவர்களில்தான் வேலை தெரிந்தும் வாய்ப்புக் கிடைக்காதவர்கள் இருக்கிறார்கள். காட்பாடி சந்திப்பு சென்னைக்கும் பெங்களூருக்கும் இடைப்பட்ட வழியில் இருப்பதால் இரு பக்கத்திலிருந்தும் ஆள் வருவார்கள். ஆனால் ரயிலில் தினமும் வந்துபோவதாகச் சொல்பவரை எச்சரிக்கையோடு அணுகுங்கள். முதல் மாதம் வருவார், மூன்றாம் மாதம் தாமதமாக வருவார். தங்குமிடம் தர முடியுமா என்பதை அறிவிப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

விண்ணப்பத்துக்கு இரண்டு வாரம் போதும்.

7. பின்னணியை விசாரியுங்கள்

இதை நேர்காணலுக்கு முன்பே செய்ய வேண்டும். நேர்காணலில் ஒருவரை நமக்குப் பிடித்துவிட்டால், அதன் பிறகு கேட்கும் விசாரணை வெறும் சடங்காகிவிடும்.

விண்ணப்பதாரர் தரும் இரண்டு பெயர்களோடு நிறுத்தாதீர்கள். அவர் முன்பு இருந்த கழகத்தில் ஆடும் பதினொருவரில் இடம் கிடைக்காத ஓர் ஆட்டக்காரரைத் தேடிப் பேசுங்கள். தன்னை உட்கார வைத்தவரைப் பற்றி அந்தப் பையன் மரியாதையாகப் பேசினால், அது பெரிய சான்று. மைதானக் காவலரிடமும் கேளுங்கள். பயிற்சியாளர் எத்தனை மணிக்கு வருவார், கடைசியாக யார் பந்துகளை எடுத்து வைப்பார் என்பது அவருக்குத் தெரியும்.

சான்றிதழ்களின் மூலத்தைப் பாருங்கள். இளையோர் அணி பொறுப்பில் இருந்தால், காவல்துறைச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்குங்கள். தமிழ்நாடு காவல்துறையில் இதற்கு இணையவழி விண்ணப்பம் உண்டு. 18 வயதுக்குட்பட்டோரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டம் விளையாட்டு மைதானத்துக்கும் பொருந்தும். தெரிந்தவர், நல்ல குடும்பம் என்று இந்த ஒரு படியில் மட்டும் யாருக்கும் விலக்கு தராதீர்கள்.

8. நேர்காணல்

நான்கு பேருக்கு மேல் அழைக்காதீர்கள். அழைக்கும்போதே முதல் படியில் எழுதிய காரணப் பட்டியலின் நகலையும், ஓர் ஆட்டத்தின் ஒரு பாதி வீடியோவையும் அனுப்பிவிடுங்கள். மாடியிலிருந்தோ கேலரியிலிருந்தோ செல்பேசியில் எடுத்தது போதும். மறைக்காமல் கொடுப்பதால் இரண்டு நன்மை: வருபவர் ஏமாற்றப்பட்டதாக உணரமாட்டார், அவர் எவ்வளவு உழைத்துப் பார்த்திருக்கிறார் என்பதும் நமக்குத் தெரியும்.

கேள்விகள் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும். வீடியோவில் என்ன கண்டீர்கள்? முதல் ஆறு வாரத்தில் எதை மாற்றுவீர்கள், எதைத் தொடமாட்டீர்கள்? எங்கள் காரணப் பட்டியலில் எது தவறு என்று நினைக்கிறீர்கள்? நீங்கள் ஒரு கழகத்தை விட்டு விலகியது ஏன்? மூத்த ஆட்டக்காரர் ஒருவர் எல்லார் முன்னும் எதிர்த்துப் பேசினால் என்ன செய்வீர்கள்?

மூன்றாவது கேள்விதான் பிரித்துக் காட்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டுபவர் பட்டியலைப் படிக்கவில்லை, அல்லது படித்தும் சொல்லத் துணியவில்லை. எங்களிடம் வந்தவர்களில் ஒருவர் தாளைத் திருப்பி வைத்து, "கடைசி இருபது நிமிஷம்னு எழுதியிருக்கீங்க சார். ஆனா பசங்க முதல் இருபது நிமிஷமே தேவையில்லாம ஓடித் தீர்த்துடறாங்க. அதான் கடைசியில கால் வரல" என்றார். வீடியோவில் எந்த நிமிடத்தில் பார்க்க வேண்டும் என்பதையும் குறித்து வந்திருந்தார். நாங்கள் மூன்று பேரும் அந்த வீடியோவைப் பலமுறை பார்த்தவர்கள். அது எங்கள் கண்ணில் படவில்லை.

முந்தைய பயிற்சியாளரைக் குறை சொல்லியே நேரத்தைக் கழிப்பவர், முதல் நாளே ஐந்து புதிய ஆட்டக்காரர் வேண்டும் என்பவர், "ஆறே மாசத்துல கப் அடிச்சுத் தர்றேன்" என்பவர் ஆகிய மூவரையும் குறைத்தே மதிப்பிடுங்கள்.

9. ஒரு மாலைப் பயிற்சியை நடத்தச் சொல்லுங்கள்

மொத்த மதிப்பெண்ணில் பாதியை இந்தப் படிக்கு ஒதுக்கலாம். நேர்காணலில் நன்றாகப் பேசியவர் மைதானத்தில் திணறியதையும், பேச்சே வராதவர் மைதானத்தில் வேறு மனிதராக நின்றதையும் ஒரே வாரத்தில் பார்த்திருக்கிறேன்.

இறுதிச் சுற்றில் இருக்கும் இருவருக்கும் அல்லது மூவருக்கும் வெவ்வேறு நாளில் தலா எழுபத்தைந்து நிமிடம் தாருங்கள். பயணச் செலவைக் கழகமே ஏற்க வேண்டும். இருபது ஆட்டக்காரர் வருவார்கள் என்று சொல்லிவிட்டு உண்மையில் எத்தனை பேர் வருகிறார்களோ அத்தனை பேரை விடுங்கள். இதில் தனியாகச் சோதனை எதுவும் வைக்கத் தேவையில்லை, நம் ஊரில் எப்படியும் பதினான்கு பேர்தான் வருவார்கள். அந்த இடத்தில் அவர் முகம் சுளிக்கிறாரா, திட்டத்தை மாற்றிக்கொள்கிறாரா என்று பாருங்கள்.

தேர்வுக் குழுவினர் தனித்தனியாக நின்று கவனியுங்கள். ஒரே இடத்தில் கூடி நின்றால் பேச்சு வந்துவிடும். ஒருவர் கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு, ஓர் ஆட்டக்காரரை மட்டும் பார்த்து, அவர் வரிசையில் சும்மா நின்ற நேரத்தைக் கணக்கிடட்டும். பந்து எட்டு இருந்தும் ஒரே பந்தை வைத்துக்கொண்டு பதினான்கு பேரையும் வரிசையில் நிறுத்தும் பயிற்சி, பார்க்க ஒழுங்காக இருக்கும். காலுக்குப் பந்து வராது. பாலாற்று மணலில் நாற்பது நிமிடம் ஓடவிட்டு அதையே பயிற்சி என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். மூச்சு வாங்குவதைப் பார்த்து நாம் திருப்தி அடைந்துவிடக் கூடாது.

இன்னொருவர் திருத்தும் முறையைக் கவனிக்கட்டும். எங்களிடம் பிறகு சேர்ந்தவர், இடது பக்கம் ஆடும் பையன் மூன்று முறை பந்தைத் தவறவிட்டபோது விசில் அடிக்கவில்லை. பக்கத்தில் போய் நின்று, பையனின் தோளைத் தொட்டு, பந்து வரும் திசைக்கு உடம்பைக் கால் பங்கு திருப்பி நிற்க வைத்தார். "இப்ப யாரு தெரியுறாங்க?" என்று கேட்டார். "வலது பக்கம் அண்ணன் தெரியுறார் சார்" என்றான் பையன். அவ்வளவுதான், அடுத்த பந்து அந்த அண்ணனுக்குப் போனது. பையனின் பெயரை வார்ம்-அப்பின்போதே கேட்டு வைத்திருந்தார்.

மூன்றாமவர் வேலூர் வெயிலுக்கான அக்கறையைப் பார்க்கட்டும்: தண்ணீருக்கு எத்தனை முறை நிறுத்துகிறார், தலைசுற்றி உட்கார்ந்த பையனைக் கவனிக்கிறாரா என்பவை. நாற்பது டிகிரியைத் தாண்டும் ஊரில் இதைக் கவனிக்காதவரை வேறு எந்தத் திறமைக்காகவும் எடுக்கக் கூடாது.

10. முடிவெடுங்கள்

ஒவ்வொரு உறுப்பினரும் மற்றவரோடு பேசுவதற்கு முன்பே மதிப்பெண்ணை எழுதி மடித்துக் கொடுத்துவிட வேண்டும். பிறகு கலந்துரையாடும்போது வயதில் இளையவர் முதலில் பேசட்டும், தலைவர் கடைசியில் பேசட்டும். தலைவர் முதலில் வாய் திறந்துவிட்டால் மற்றவர்கள் அவருக்கு ஒத்தே பேசுவார்கள். மரியாதை நிறைந்த ஊர்களில் இது இயல்பு, ஆனால் தேர்வைக் கெடுத்துவிடும்.

கூட்டு மதிப்பெண்ணை மட்டும் பார்க்காதீர்கள். கட்டாயத் தகுதி ஒன்றில் தவறியவர் மொத்தத்தில் முதலிடம் பெற்றாலும் விலக்கப்பட வேண்டும். யாருமே தேறவில்லை என்றால் இடைக்காலப் பொறுப்பை நீட்டித்து மீண்டும் அறிவிப்புக் கொடுங்கள்; இரண்டு மாதத் தாமதத்தைக் கழகம் தாங்கும்.

11. ஒப்பந்தத்தை எழுதுங்கள்

இரண்டு பக்கம் போதும். இரண்டாம் படியில் எழுதிய அதிகாரங்கள், சம்பளம் வழங்கும் தேதி, காலம், எந்தப் பக்கத்திலிருந்து விலகினாலும் தர வேண்டிய அவகாசம், இடையில் நீக்கினால் தர வேண்டிய தொகை ஆகியவை இருக்க வேண்டும். சம்பளத் தேதி ஐந்து என்றால் ஐந்து. இரண்டு மாதம் தாமதமானால் பயிற்சியாளர் வேறு வேலை தேடத் தொடங்கிவிடுவார். அதில் அவர் மேல் தவறில்லை.

இலக்குகளில் லீக் இடத்தை மட்டும் எழுதாதீர்கள். முதல் பருவத்துக்கு, பயிற்சி வருகை எவ்வளவு உயர வேண்டும், கடைசி இருபது நிமிடத்தில் வாங்கும் கோல்கள் எவ்வளவு குறைய வேண்டும், இளையோர் அணியிலிருந்து எத்தனை பேர் மூத்த அணியில் ஆட வேண்டும் என்பவற்றை எழுதுங்கள். இவை பயிற்சியாளர் கையில் இருப்பவை. எதிரணி எவ்வளவு வலிமையாக வருகிறது என்பது யார் கையிலும் இல்லை.

12. முதல் தொண்ணூறு நாள்

முதல் நாள் தலைவர் நேரில் வந்து, ஆட்டக்காரர் முன்னிலையில், அணித் தேர்வு இவருடைய முடிவு மட்டுமே என்று சொல்ல வேண்டும். ஒப்பந்தத்தில் எழுதியது பையன்களுக்குத் தெரியாது. அவர்கள் காதால் கேட்டாக வேண்டும்.

முதல் ஆறு வாரத்துக்கு மின்னொளிப் போட்டி, எழுவர் போட்டி அழைப்புகளை ஏற்காதீர்கள். பரிசுத் தொகை ஆசை காட்டும்; ஆனால் சிறிய மைதானத்தில் ஆடும் ஆட்டம் வேறு, அங்கே வரும் காயங்களும் புதியவரின் திட்டத்தைக் குலைத்துவிடும்.

தொடக்க வெற்றிகளையும் தோல்விகளையும் நிதானமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு ஆட்டம் தொடர்ந்து தோற்ற அணி, பயிற்சியாளர் மாறாமல் இருந்திருந்தாலும் அடுத்த சிலவற்றில் ஒன்றிரண்டை வென்றிருக்கும். மிக மோசமான காலம் பெரும்பாலும் தானாகவே சற்று நிமிரும். எனவே முதல் மூன்று வெற்றிக்கு மாலை போட்டு ஊர்வலம் போகாதீர்கள், முதல் மூன்று தோல்விக்குக் கூட்டம் கூட்டாதீர்கள். முப்பது, அறுபது, தொண்ணூறாம் நாள்களில் மட்டும், வருகை நோட்டையும் கோல் பட்டியலையும் மேசையில் வைத்து, பயிற்சியாளரோடு ஒரு மணி நேரம் உட்காருங்கள். வருகை உயர்ந்து, முடிவுகள் மட்டும் மாறாமல் இருந்தால் பொறுத்திருங்கள். வருகையே குறைந்தால் அன்றே காரணத்தைக் கேளுங்கள். ஷிஃப்ட் மாறியிருக்கிறதா, வேன் நின்றுவிட்டதா, பையன்களுக்கு அவர் மேல் மனக்குறை இருக்கிறதா என்பவை மூன்றும் வெவ்வேறு சிக்கல்கள்.

கடைசியாக, தேர்வாகாத விண்ணப்பதாரர்களுக்குச் செயலாளர் தொலைபேசியில் அழைத்து நன்றி சொல்லி, ஏன் தேர்வாகவில்லை என்பதை ஒரே வரியில் உண்மையாகச் சொல்லட்டும். இரண்டாமிடம் பெற்றவரின் தாள்களையும் பயிற்சி மாலையில் எழுதிய குறிப்புகளையும் தீர்மானப் புத்தகத்தோடு சேர்த்துப் பீரோவில் வையுங்கள். எங்கள் இளையோர் அணிக்குப் பதினான்கு மாதம் கழித்துத் தனிப் பயிற்சியாளர் தேவைப்பட்டபோது, அந்த உறையைத் திறந்து முதலில் அவரைத்தான் அழைத்தோம். மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு மைதானத்துக்கு வந்துவிட்டார்.